சிகரம் தொட்ட காவல் மங்கை

நம் அவிநாசிபாளையத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால் சோளக்காடும் தறிக்கொட்டகைகளும்தான் கண்ணில் படும். மலை என்றால் நமக்குக் காங்கயத்தை அடுத்த சிவன்மலைதான். பனிமலையைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறோம். பனிமலையே இல்லாத ஊரில் பிறந்து, உலகின் மிக உயர்ந்த சிகரத்தில் இருமுறை கால் பதித்த முதல் பெண்மணியைப் பற்றி இங்குக் காண்போம்.

அவர் பெயர் சந்தோஷ் யாதவ். அரியானா மாநிலம், ரேவாரி மாவட்டத்து ஜோனியாவாஸ் கிராமத்தில், ஐந்து அண்ணன்மாருக்குத் தங்கையாகப் பிறந்தார். 'ஆண் மகவு பிறக்கட்டும்' என்று வாழ்த்த வந்த துறவியிடம், 'எங்களுக்குப் பெண் குழந்தைதான் வேண்டும்' என்றாராம் அவருடைய பாட்டி!

பதினாறு வயதில் வீட்டார் திருமணப் பேச்சை எடுத்தனர். முறையான கல்வி கிடைக்காவிட்டால் மணம் செய்துகொள்ளவே மாட்டேன் என்று உறுதியாக நின்று, டில்லிக்குச் சென்று பள்ளியில் சேர்ந்தார். வேலை பார்த்தாவது கட்டணம் செலுத்தத் துணிந்த மகளைக் கண்டு பெற்றோர் மனம் மாறிப் பணம் தந்தனர்.

பின்னர் ஜெய்ப்பூர் மகாராணி கல்லூரியில் பயின்றபோது, விடுதி அறையிலிருந்து ஆரவல்லிக் குன்றுகளில் மக்கள் ஏறுவதைக் கண்டார். ஒருநாள் தாமும் அங்குச் சென்று, மலையேறும் வீரர்களுடன் சேர்ந்துகொண்டார். அந்த ஆர்வம் அவரை உத்தரகாசியிலுள்ள நேரு மலையேறும் பயிற்சி நிலையத்திற்கு அழைத்துச் சென்றது. 1962இல் தோன்றி, சீன எல்லையைக் காத்து வரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையில் அதிகாரியாகவும் ஆனார்.

1992 மே 12 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அதன் உயரம் 8,848.86 மீட்டர். அங்குக் காற்றில் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. தோளில் சுமக்கும் பிராணவாயு உருளைதான் அங்கே உயிர். அந்தப் பயணத்தில் உடன் வந்த மோகன் சிங் தவித்தபோது, தம் பிராணவாயுவைப் பகிர்ந்தளித்து அவரைக் காத்தார். சிகரத்தைவிட உயர்ந்தது இச்செயல் அல்லவா?

மறு ஆண்டு, 1993 மே 10 அன்று, பச்சேந்திரி பால் தலைமையிலான இந்திய-நேபாளப் பெண்கள் குழுவுடன் மீண்டும் உச்சியை அடைந்தார். மலையில் கிடந்த குப்பையில் 500 கிலோவைக் கீழே கொண்டுவந்ததும் அவர் பணியே. 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

தோழியரே, நம் பகுதியிலும் 'பத்தாவது போதும், கம்பெனிக்கு அனுப்பலாம்' என்ற பேச்சு எழும்போது மௌனமாகத் தலை குனிய வேண்டாம். பணிவோடும் உறுதியோடும் நம் விருப்பத்தைக் கூறுவோம். அன்புள்ள பெற்றோரே, அந்தத் தந்தையைப் போல் நீங்களும் மனம் இரங்குங்கள். படிக்க விரும்பும் பெண்ணுக்கு முதல் படியை அமைத்துத் தாருங்கள். மீதிப் படிகளை நாங்களே ஏறுவோம்.