பிரிந்து போன ஐஸ்கிரீம் கம்பெனியும் நம் பெட்டியிலுள்ள பங்குகளும்

இந்துஸ்தான் யூனிலீவர் சரக்கு இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. சோப்பும் சலவைத் தூளும் டீத்தூளும் நாம் அன்றாடம் கைமாற்றும் சரக்கு. நம் உறுப்பினர்களில் பலர் அந்தக் கம்பெனியின் பங்குகளையும் வைத்திருக்கிறோம். 2007 வரை அதற்கு இந்துஸ்தான் லீவர் என்று பெயர். அந்தப் பெயரிலேயே தகப்பனார் வாங்கிப் போட்ட பத்திரங்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

இந்தக் கம்பெனி தன் ஐஸ்கிரீம் பிரிவைக் குவாலிட்டி வால்ஸ் (இந்தியா) என்ற தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டது. 2025 ஜனவரியில் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. டிசம்பர் 1-ல் பிரிவினை அமலுக்கு வந்தது. டிசம்பர் 5-ஆம் தேதிக் கணக்குப்படி பங்கு வைத்திருந்தவர்களுக்கு, பழைய பங்கு ஒன்றுக்குப் புதிய பங்கு ஒன்று.

இதை இலவசப் பங்கு என்று எண்ணி மகிழ்வோர் உண்டு. அது சரியல்ல. அண்ணன் தம்பி இருவர் மளிகையையும் எண்ணெய் மண்டியையும் பாகம் பிரித்துக் கொண்டால் குடும்பச் சொத்து கூடி விடுகிறதா? ஒரு பேரேடு இரண்டு பேரேடாகிறது, அவ்வளவே. அதனால்தான் பிரிவினை நாளில் தாய்க் கம்பெனிப் பங்கின் விலை, பிரிந்து போனதன் மதிப்பளவுக்கு இறங்குகிறது. அதைக் கண்டு நஷ்டம் என்று பதறவும் வேண்டாம்.

ஏன் பிரித்தார்கள் என்பதை நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சோப்புப் பெட்டி ஆறு மாதம் கிட்டங்கியில் கிடந்தாலும் சோப்புதான். ஐஸ்கிரீமுக்கு ஃப்ரீசர் வேண்டும், குளிர் வண்டி வேண்டும், மின்சாரம் நிற்காமல் வேண்டும். கோடையில் ஓடும் வியாபாரம், மழைக்காலத்தில் படுத்து விடும். தாய்க் கம்பெனியின் விற்பனையில் இந்தப் பிரிவு சுமார் 3 சதவீதமே. பெரிய வீட்டில் இத்தனை சிறிய பிள்ளை முதல் கேட்டால், கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும். தனியாக வந்தால் தன் தேவைக்குத் தானே முடிவெடுக்கலாம். ஆனால் கை கடிக்கும்போது கொடுத்து உதவப் பெரியவர் கல்லாவும் இராது. சோப்புக் கம்பெனி தந்த டிவிடெண்டைப் புதிய கம்பெனியிடமும் எதிர்பார்ப்பது தவறு என்பது நம் கருத்து.

பிடி யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும். லண்டன் யூனிலீவரும் தன் ஐஸ்கிரீம் தொழிலை மேக்னம் ஐஸ்கிரீம் கம்பெனி என்று பிரித்து 2025 டிசம்பரில் பட்டியலிட்டது. இந்தியக் கம்பெனியில் யூனிலீவர் குழுமத்துக்குரிய சுமார் 61.9 சதவீதப் பங்கு மேக்னம் வசம் போகும் வகையில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஐடிசி இப்படிச் செய்யவில்லை. 2025 ஜனவரியில் ஓட்டல் தொழிலைப் பிரித்தபோது சுமார் 40 சதவீதத்தைத் தன்னிடமே வைத்துக் கொண்டு, பத்துப் பங்குக்கு ஒரு ஓட்டல் பங்கு கொடுத்தது. எல்லாப் பிரிவினையும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

நம்மவர்கள் மிகுதியும் தவறுவது வரிக் கணக்கில். புதிய பங்கு கைக்கு வந்ததற்காக வரி இல்லை, விற்கும்போதுதான் வரும். அப்போது அதன் அடக்க விலையைச் சுழி என்று எழுதி விடுகிறார்கள். பழைய பங்கின் அடக்கத்தைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்த விகிதத்தில்? சந்தை விலைப்படி அல்ல, பிரிந்த சொத்தின் புத்தக மதிப்புப்படி. அந்த விகிதத்தைக் கம்பெனியே அறிவிக்கும். உதாரணத்துக்கு, 1,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கில் விகிதம் 98-க்கு 2 என்று வைத்துக் கொள்வோம். புதிய பங்கின் அடக்கம் 20 ரூபாய், பழையதின் அடக்கம் 980. புதியதை 30-க்கு விற்றால் லாபம் 10 ரூபாய்தான், 30 அல்ல. பின்னாளில் பழையதை விற்கும்போது அடக்கத்தை மறந்துபோய் 1,000 என்று காட்டினால் அதுவும் பிழை. வைத்திருந்த காலம் முதலில் வாங்கிய தேதியிலிருந்தே கணக்கு. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியவர்களுக்குத் தனி விதி உண்டு; ஆடிட்டரிடம் பழைய சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சீட்டு என்றதும் காகிதப் பத்திரம் நினைவுக்கு வருகிறது. 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பத்திரத்தைப் பிறர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது. பிரிவினையில் வரும் புதிய பங்குகளும் டீமேட் முறையில்தான் வழங்கப்படும். டீமேட் கணக்கு இல்லாதவரின் பங்கு தனிக் கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்காமல் விட்டால், பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய் விடும். அங்கிருந்து மீட்கலாம், ஆனால் அலைச்சல் கொஞ்சமல்ல. பத்திரம் காலமான தகப்பனார் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை ஆகியவற்றைத் திரட்டிக் கொண்டு, கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு இந்த மாதமே எழுதி விடுங்கள்.