கணினி கணக்குப் போடும். கலவையை யார் பார்ப்பது?



'செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு, இனிமே சிவிலுக்கு வேலை ஏது?' என்று நம் வகுப்பிலேயே பலர் கேட்கின்றனர். எனக்கும் அந்தப் பயம் உண்டு. என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

வரைபடம், எஸ்டிமேட், கம்பிக் கணக்கு எல்லாவற்றையும் கணினி நொடியில் தந்துவிடும். மறுக்கவில்லை. ஆனால் நம் பூந்தமல்லிக்கு அருகே, போரூர் பக்கம் உள்ள மவுலிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 28.6.2014 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டனர். காகிதத்தில் அனுமதி இருந்தது. தரையில் கட்டிடம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டிடத்தையும் 2016-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆகவே, நேரில் நின்று சோதிக்கும் ஆள் வேண்டும். கலவையில் தண்ணீர் கூடினால் பலம் குறையும். ஸ்லம்ப் டெஸ்ட் அதை அப்போதே காட்டிக் கொடுக்கும். 150 மி.மீ. கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து நசுக்கிப் பார்க்கிறோம். எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். லேப் நோட்டில் பொய் எழுதினால், எந்த நுண்ணறிவும் அந்தப் பொய்யைத்தான் கணக்குப் போடும்.

அப்பா கலவையைப் பார்த்ததுமே, "தண்ணி ஜாஸ்திடா" என்பார். ஆனால் சைட்டில் அவர் பேச்சு எடுபடாது. நாம் சொன்னால் எடுபட வேண்டும். அதற்குத்தான் இந்த டிப்ளமா.

நண்பர்களே, கணினியையும் கற்போம்; கியூப் டெஸ்ட்டையும் ஒழுங்காகச் செய்வோம். கையெழுத்துப் போடும்முன் ஒன்றை நினைப்போம்: சாரத்தில் நிற்பவர் நம் அப்பாவாகவும் இருக்கலாம்!