கருந்துளையைப் படம் பிடித்தது கேமராவா, கம்ப்யூட்டரா?

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, கருந்துளை ஒன்றின் முதல் படம் வெளியானது. நடுவில் இருட்டு, சுற்றிலும் ஆரஞ்சு நிற வளையம். டி.வி.யிலோ செல்போனிலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. ரேடியோ டெலஸ்கோப்புகள் சேகரித்த எண்களைக் கொண்டு கம்ப்யூட்டர்கள் கணக்கிட்டு உருவாக்கிய படம் அது. ஆரஞ்சு நிறம்கூட மனிதர்கள் கொடுத்ததுதான். அப்படியானால் அந்தப் படத்தை எப்படி நம்புவது? படிப்படியாகப் பார்ப்போம்.

இருட்டு எப்படித் தெரிகிறது?

கருந்துளையிலிருந்து ஒளி வெளியே வர முடியாது. ஆனால் அதில் விழப் போகும் வாயு, அதைச் சுற்றி மிக வேகமாகச் சுழல்கிறது. அப்போது பெரிதும் சூடாகிறது. அதில் உள்ள எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழலும்போது ரேடியோ அலைகள் கிளம்புகின்றன. நம் வீட்டு ரேடியோவுக்கு வரும் அலைகளும் இதே இனம்தான். வழியில் தூசி மேகம் இருந்தாலும் இவை ஊடுருவி வந்துவிடும். விண்வெளியிலிருந்து இப்படி அலைகள் வருவதை அமெரிக்காவின் கார்ல் ஜான்ஸ்கி 1933இல் அறிவித்தார்.

ஊட்டியில் ஒரு டெலஸ்கோப்

ரேடியோ அலைகளில் ஒரு சிக்கல் உண்டு. அலையின் நீளம் கூடினால், அதைப் பிடிக்கும் டெலஸ்கோப்பும் பெரிதாக வேண்டும். ஒரு மீட்டர் நீள அலையில் நம் கண்ணளவு கூர்மையாகப் பார்ப்பதற்கே சுமார் மூன்றரை கி.மீ. அகலமுள்ள தட்டு தேவை!

நம் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970இல் ஒரு ரேடியோ டெலஸ்கோப் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இதை உருவாக்கியவர் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடி, அதில் இதை அமைத்தார். அதனால் இதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே திசையில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடரலாம்.

530 மீட்டரும் போதாதே? அங்கேதான் நிலா உதவிக்கு வந்தது. நிலா நகர்ந்து ஒரு ரேடியோ பொருளை மறைக்கும்போது, சிக்னல் எந்த நொடியில், எந்த விதத்தில் குறைகிறது என்று பதிவு செய்தார்கள். அதிலிருந்து அந்தப் பொருளின் இடத்தையும் வடிவத்தையும் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். இப்படி ஆராய்ந்தவற்றில் பல, மையத்தில் பெரிய கருந்துளை உள்ள ரேடியோ கேலக்ஸிகளும் குவாசார்களும் ஆகும்.

விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று

நிலா எல்லாப் பொருளையும் மறைக்காது. அதற்கு வேறு வழி உண்டு. விழுப்புரத்தில் ஒரு தட்டு, திண்டிவனத்தில் ஒரு தட்டு வைப்பதாகக் கொள்ளுங்கள். இடையே உள்ள தூரம் சுமார் 37 கி.மீ. இரண்டும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரே அலை இரண்டு ஊருக்கும் மிகச் சிறிய கால வித்தியாசத்தில் வந்து சேரும். அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் சரி செய்து இரண்டு பதிவுகளையும் ஒப்பிடும். கிடைக்கும் கூர்மை, 37 கி.மீ. அகலமுள்ள ஒரே தட்டின் கூர்மை. ஒரு மீட்டர் அலையில் இது நம் கண்ணை விடச் சுமார் பத்து மடங்கு அதிகம்.

ஆனால் ஒரு ஜோடி, படத்தின் ஒரு துணுக்கை மட்டுமே தரும். அதனால் பல தட்டுகள் வேண்டும். புனே அருகே கோடத் என்ற ஊரில், ஸ்வரூப் தலைமையில் அமைந்த ஜி.எம்.ஆர்.டி. டெலஸ்கோப்பில் 30 தட்டுகள், சுமார் 25 கி.மீ. பரப்பில் உள்ளன. ஜோடிகள் எத்தனை? 30ஐ 29ஆல் பெருக்கி இரண்டால் வகுங்கள்: 435. பூமி சுழலச் சுழல ஒவ்வொரு ஜோடியின் கோணமும் மாறி, புதிய துணுக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இணையத்தில் அனுப்ப முடியாத டேட்டா

கருந்துளைப் படத்துக்கு இதே முறையைப் பூமி அளவுக்கு விரித்தார்கள். 2017 ஏப்ரலில் சிலி, ஹவாய், ஸ்பெயின், தென் துருவம் உள்ளிட்ட ஆறு இடங்களில் எட்டு டெலஸ்கோப்புகள் இயங்கின. ஒவ்வொரு இடத்திலும் அணுக் கடிகாரம். அலை நீளம் 1.3 மில்லி மீட்டர்.

சேர்ந்த டேட்டா சுமார் 5 பெட்டாபைட். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் 5,000 வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் அனுப்பினால் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே ஹார்ட் டிஸ்க்குகளையே விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஹெட், காற்றில் மிதந்துதான் இயங்கும். உயர்ந்த மலைகளில் காற்று குறைவு என்பதால், ஹீலியம் நிரப்பி மூடிய டிஸ்க்குகளைப் பயன்படுத்தினார்கள்.

படத்தை நம்பலாமா?

எட்டு டெலஸ்கோப்புகள் என்றால் ஜோடிகள் குறைவு. இடைவெளிகளைச் சாப்ட்வேர்தான் நிரப்ப வேண்டும். வளையம் வரும் என்று எதிர்பார்த்தால் சாப்ட்வேரும் வளையத்தையே வரைந்துவிடலாம் அல்லவா? விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் பேசாமல், தனித்தனியே படம் உருவாக்கினார்கள். நான்கிலும் வளையம் வந்தது. நடுவில் துளையே இல்லாத வட்டத்தின் போலி டேட்டாவையும் கொடுத்துச் சோதித்தார்கள். சாப்ட்வேர் அதில் துளையை உருவாக்கவில்லை. 2018இல் மீண்டும் பார்த்த டேட்டாவிலிருந்து வந்த படம் 2024இல் வெளியானது. அதிலும் வளையத்தின் அளவு மாறவில்லை.

அந்தக் கருந்துளை எம்87 கேலக்ஸியில், 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. எடை சூரியனைப் போல 650 கோடி மடங்கு.

உங்கள் கம்ப்யூட்டரும் தேடலாம்

ரேடியோ டேட்டாவை அலசும் வேலையில் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் பங்கு பெறுகின்றன. 2005இல் தொடங்கிய ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற திட்டம், டேட்டாவைச் சிறு துண்டுகளாக்கி நம் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் ஒருவரின் கம்ப்யூட்டரும் இப்படி ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தன. 2010இல் அது அறிவிக்கப்பட்டது. இறந்த நட்சத்திரத்தின் மிச்சமான அது, நொடிக்குச் சுமார் 41 முறை சுழல்கிறது.

நீங்களும் சேர விரும்பினால்:

1. பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து எழுத்துப் பெயர் கொண்ட இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து நிறுவுங்கள்.

2. திட்டங்களின் பட்டியலில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைத் தேர்ந்தெடுத்து, இமெயில் முகவரி கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

3. நீங்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தாத நேரத்தில் மட்டும் இயங்குமாறு செட்டிங் மாற்றுங்கள்.

கணக்கு நடக்கும்போது பிராசஸர் சூடாகும், மின் கட்டணமும் கூடும். எனவே மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் இயக்கிப் பாருங்கள்.