வால்வு அம்பிளிபயருக்குச் சுமைப் பெட்டி தெரிவு செய்தல்

(மின்னும் ஒலியும் – பிரயோகப் பாடம்)



ஒலியின் சிறப்பியல்புகள் மூன்று எனப் படித்திருக்கிறீர்கள். சுருதி மீடிறனைப் பொறுத்தது. உரப்பு வீச்சத்தைப் பொறுத்தது. பண்பு அலையின் வடிவத்தைப் பொறுத்தது. இந்த மூன்று வரிகளையும் மனனம் செய்து எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் உரப்பைக் கூட்டும்போது பண்பும் கூடவே மாறிவிடும் ஒரு கருவி உண்டு. மின் கிற்றாருக்குப் பயன்படும் வால்வு அம்பிளிபயரே அது. அந்தப் பண்பைக் கெடுக்காமல் உரப்பை மட்டும் குறைப்பது எப்படி? இதுவே இப்பாடத்தின் வினா. இதற்கு விடை காண ஓமின் விதி, தடைகளின் தொடர் மற்றும் சமாந்தர இணைப்பு, மின்வலு, நிலைமாற்றி ஆகியவை போதும்.

நான் கலைப் பட்டதாரி. மின்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கிற்றார் மீதிருந்த ஆசையால் தேடிக் கற்றது. ஆகவே இங்கே கடினமான கணிதம் வராது என்று நம்பி வாசியுங்கள்.

வால்வும் அதன் உரத்த குரலும்

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ். உள்ளே சூடாக்கப்படும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளியேறி அனோட்டை நோக்கிச் செல்லும். இடையிலுள்ள கம்பி வலைக்கு வழங்கப்படும் சிறிய வோல்ற்றளவு, இந்த இலத்திரன் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். கிற்றாரிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞை இவ்வாறு பெரிதாகிறது.

வால்வு தன் எல்லையை அடையும்போது அலையின் உச்சி தட்டையாகத் தொடங்கும். வடிவம் மாறினால் பண்பு மாறும் அல்லவா? புதிய மேற்றொனிகள் சேர்ந்து, றொக் இசையில் நாம் கேட்கும் அந்தக் கரகரப்பான, நீண்டு ஒலிக்கும் குரல் பிறக்கிறது. பயப்பு வால்வுகளை இந்த எல்லைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அம்பிளிபயரை ஏறத்தாழ முழு அளவில் வைக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு இங்கிலாந்தின் மார்ஷல் அம்பிளிபயரை எடுத்துக்கொள்வோம். ஜிம் மார்ஷல் ஒரு மேள வாத்தியக் கலைஞர். மேற்கு இலண்டனில் ஹன்வெல் என்னுமிடத்தில் இசைக்கருவிக் கடை நடத்தியவர். 1962 இல் அவருடைய கடையில் உருவான முதலாவது அம்பிளிபயர், அமெரிக்காவின் பெண்டர் பாஸ்மன் என்ற அம்பிளிபயரை ஒட்டி அமைக்கப்பட்டது. பின்னர் 'த ஹூ' இசைக்குழுவினர் இன்னும் உரப்பு வேண்டுமெனக் கேட்க, 1965 இல் 100 வாற்று அம்பிளிபயர் வந்தது. இதன் புகழ்பெற்ற வடிவத்துக்கு 1959 என்று பெயர். அது மாதிரி எண், ஆண்டு அல்ல. மேடையில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் இது பொருத்தமானது. ஆனால் அதே குரல் ஒரு சிறிய அறைக்குள் வேண்டுமென்றால்?

அமெரிக்காவின் 'பொஸ்டன்' இசைக்குழுவை அமைத்த ரொம் ஷோல்ஸ் பொறியியல் பட்டதாரி. அவர் 1980 இல் தொடங்கிய நிறுவனம், அம்பிளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைத்து வலுவின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும் 'பவர் சோக்' என்ற பெட்டியை விற்றது. இத்தகைய பெட்டியை 'அற்றெனுவேற்றர்' என்பர். நாம் வலுக்குறைப்பி என்போம். ஒலிபெருக்கிக்கு எதையும் அனுப்பாமல் வலு முழுவதையும் தானே உறிஞ்சிக்கொண்டு, பதிவுக்கருவிக்கோ காதணி ஒலிபெருக்கிக்கோ சிறிய சமிக்ஞையை மட்டும் தருவது 'லோட் பொக்ஸ்', அதாவது சுமைப் பெட்டி.

சுமை ஏன் கட்டாயம்?

வால்வின் உயர் வோல்ற்றளவையும் சிறிய மின்னோட்டத்தையும் ஒலிபெருக்கிக்கு ஏற்றவாறு மாற்றுவது பயப்பு நிலைமாற்றி. இப்போது கணிப்போம். 16 ஓம் சுமைக்கு 100 வாற்று வழங்கப்படுகிறது எனக் கொள்க.

வலு = வோல்ற்றளவின் வர்க்கம் ÷ தடை
வோல்ற்றளவின் வர்க்கம் = 100 × 16 = 1600
வோல்ற்றளவு = 40 வோல்ற்று
மின்னோட்டம் = 40 ÷ 16 = 2.5 அம்பியர்

நிலைமாற்றியின் முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் முறுக்கு விகிதம் 10 : 1 எனக் கொண்டு, சக்தி இழப்பைப் புறக்கணித்தால், முதற்சுருளில் 400 வோல்ற்று, 0.25 அம்பியர். அப்படியாயின் வால்வுகளுக்குத் தெரியும் தடை எவ்வளவு? 400 ÷ 0.25 = 1600 ஓம். வோல்ற்றளவு 10 மடங்கு கூடியது, மின்னோட்டம் 10 மடங்கு குறைந்தது. ஆகவே தடை 100 மடங்கு. இதைப் பலர் 10 மடங்கு என்று எழுதிவிடுவார்கள். முறுக்கு விகிதத்தின் வர்க்கம் என்பதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

16 ஓம் எனத் தெரிவு செய்த இடத்தில் 4 ஓம் சுமையை இணைத்தால் வால்வுகளுக்கு 1600 ஓமுக்குப் பதிலாக 400 ஓம்தான் தெரியும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து வால்வுகள் விரைவில் கெடும்.

எந்தச் சுமையும் இணைக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். துணைச்சுருளில் மின்னோட்டம் பாயாததால் சக்தி வெளியேற வழியில்லை. முதற்சுருளின் மின்னோட்டம் சடுதியாக மாறும்போது காந்தப்புலமும் சடுதியாக மாறி, மிகப் பெரிய மின்னியக்க விசை தூண்டப்படும். அது சுருளின் காவற்கட்டைத் துளைக்கலாம். வால்வுத் தாங்கியில் தீப்பொறி பாயலாம். அம்பிளிபயரில் விலை கூடிய பாகங்களுள் ஒன்று அந்த நிலைமாற்றி. ஒருமுறை ஒலிபெருக்கிக் கம்பியைச் செருக மறந்து ஆளியைப் போடப் போனேன். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து நிறுத்தியது என் அதிர்ஷ்டம். (திரான்சிற்றர் அம்பிளிபயர்களில் பெரும்பாலானவை சுமையின்றியும் பிழைக்கும், அவற்றுக்குக் குறுஞ்சுற்றே எமன். இரண்டையும் குழப்பாதீர்கள்.)

ஆகவே ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுச் சத்தமின்றி வாசிக்க விரும்புபவருக்கும் ஒரு சுமை கட்டாயம் வேண்டும்.

வலுக்குறைப்பியின் உள்ளே

ஒலிபெருக்கியுடன் தொடராக ஒரு தடையியை இணைத்தால் போதாதா என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். 16 ஓம் ஒலிபெருக்கியுடன் 8 ஓம் தடையியைத் தொடராக இணைத்தால் மொத்தம் 24 ஓம். அம்பிளிபயர் எதிர்பார்ப்பதோ 16. ஒலிபெருக்கிக்குக் குறைந்த வலு போக வேண்டும். ஆனால் அம்பிளிபயருக்கு மாற்றம் தெரியக்கூடாது. இதற்கு இரண்டு தடையிகள் வேண்டும்.

16 ஓம் ஒலிபெருக்கிக்குச் சமாந்தரமாக 16 ஓம் தடையி ஒன்றை இணைக்க. சமவலுத் தடை 8 ஓம். இதற்குத் தொடராக 8 ஓம் தடையி ஒன்றை இணைக்க. மொத்தம் 16 ஓம். அம்பிளிபயர் முன்போலவே 40 வோல்ற்றில் 2.5 அம்பியரை வழங்கும். இனி ஒவ்வொன்றிலும் செலவாகும் வலுவைப் பார்ப்போம்.

தொடர்த் தடையியில்: 2.5 × 2.5 × 8 = 50 வாற்று
மீதி வோல்ற்றளவு: 40 – (2.5 × 8) = 20 வோல்ற்று
ஒலிபெருக்கியில்: 20 × 20 ÷ 16 = 25 வாற்று
சமாந்தரத் தடையியில்: அதுவும் 25 வாற்று

கூட்டினால் 100. கணக்கு சரி. ஒலிபெருக்கிக்குப் போவது காற்பங்கு. மிகுதி 75 வாற்றும் பெட்டிக்குள் வெப்பமாகிறது. சாதாரண பற்றாசுக்கோல் ஒன்று 40 வாற்று அளவில் இருக்கும். பெட்டியில் காற்றுத் துளைகளும் சிலவேளை விசிறியும் ஏன் வைக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். அதன்மேல் புத்தகம், துணி எதையும் வைக்கக்கூடாது.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 100 வாற்றை 50 வாற்றாக்கினால் உரப்பு பாதியாகும் என்று நினைப்பது தவறு. நம் காது அப்படிக் கணிப்பதில்லை. டெசிபல் என்பது வலு விகிதத்தின் மடக்கையை 10 ஆல் பெருக்கி வருவது. 2 இன் மடக்கை 0.3010. ஆகவே வலு பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. மேலே கணித்த காற்பங்கு 6 டெசிபல். உரப்பு பாதியானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது வலு பத்திலொன்றாக வேண்டும்.

மார்ஷல் பெட்டிகளில் பெயர்பெற்ற செலெஸ்ரியன் கிறீன்பாக் ஒலிபெருக்கி, 1 வாற்று வழங்கப்படும்போது 1 மீற்றர் தூரத்தில் 98 டெசிபல் அளவு ஒலியைத் தரும். ஒரே ஒரு வாற்றுக்கு! அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லைப்படி 85 டெசிபல் ஒலியில் 8 மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 97 டெசிபலுக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே கணித்துப் பாருங்கள். ஆகவே சிறிய மேடைக்கு 6 முதல் 10 டெசிபல் குறைப்பது போதும். வீட்டறைக்கு 30, 40 டெசிபல் குறைக்க வேண்டிவரும்.

அவ்வளவு குறைத்தால் குரல் மந்தமாகிவிட்டது என்று பலர் பெட்டியைக் குறை கூறுவர். பெட்டி முழுக் குற்றவாளி அல்ல. உரப்புக் குறையும்போது தாழ்ந்த மீடிறன்களையும் மிக உயர்ந்த மீடிறன்களையும் நம் காது கூடுதலாகத் தவறவிடுகிறது. பிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933 இல் இதை அளந்து வெளியிட்டனர். மறுபுறத்தில் மலிவான பெட்டிகளில் உண்மையான குறைபாடும் உண்டு. ஒலிபெருக்கி வெறும் தடையி அன்று. 16 ஓம் எனக் குறிக்கப்பட்டாலும் அதன் பரிவு மீடிறனில் (கிறீன்பாக்குக்கு 75 ஹேர்ட்ஸ்) ஆடலோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு பலமடங்கு உயரும். உயர் மீடிறன்களிலும் சுருளின் தூண்டல் காரணமாக மீண்டும் உயரும். வெறும் தடையிகளாலான பெட்டி எல்லா மீடிறனுக்கும் ஒரே எதிர்ப்பைக் காட்டுவதால் வால்வுகள் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன. தூண்டிகளும் கொள்ளளவிகளும் சேர்த்து ஒலிபெருக்கியின் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிரதிசெய்யும் பெட்டிகள் உண்டு. விலை கூடியவை. 6 டெசிபல் மட்டும் குறைப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஒலிபெருக்கியே இல்லாமல் இரவில் பதிவு செய்பவருக்கு அது அவசியம். அவருக்கு ஒலிபெருக்கிப் பெட்டியின் குரலைப் பிரதிசெய்யும் கருவியோ மென்பொருளோ கூட வேண்டும். இல்லாவிட்டால் கேட்பது தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும்.

பெட்டியில் எழுதியுள்ள இரண்டு எண்கள்

ஓம்: அம்பிளிபயரின் தெரிவாளி, பெட்டி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். 16 ஓம் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைப்பவர் 8 ஓம் வலுக்குறைப்பி வாங்க வேண்டும். 32 ஓம் அல்ல.

வாற்று: 100 வாற்று அம்பிளிபயருக்கு 100 வாற்றுப் பெட்டி போதாது. 100 வாற்று என்பது சைன் அலைக்குரிய கணிப்பு. நாம் இந்தப் பெட்டியை வாங்குவதே அலையின் உச்சியைத் தட்டையாக்கி வாசிப்பதற்கு. உயரம் மாறாமல் சைன் அலை முழுமையான சதுர அலையானால் வலு இரு மடங்காகும். நடைமுறையில் அவ்வளவு போகாவிட்டாலும் 150 வாற்றுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். 200 நல்லது.

இன்னுமொன்று. அம்பிளிபயரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பி ஒலிபெருக்கிக் கம்பியாக இருக்க வேண்டும். கிற்றார்க் கம்பியும் அதே செருகியில் பொருந்தும். ஆனால் அதன் உள்ளிழை மெல்லியது, 2.5 அம்பியருக்கு உரியதன்று. அத்துடன் வலுக்குறைப்பி ஒலியைத்தான் குறைக்கும். வால்வுகள் முழு அளவில் உழைத்துக்கொண்டே இருப்பதால் அவற்றின் தேய்மானம் குறையாது. அம்பிளிபயரின் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் 400 வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 8 ஓம் சுமைக்கு 50 வாற்று வழங்கும் அம்பிளிபயரின் பயப்பு வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் கணிக்க.
2. இதன் 8 ஓம் ஒலிபெருக்கிக்குக் காற்பங்கு வலு மட்டும் செல்ல வேண்டும். தொடர்த் தடையி, சமாந்தரத் தடையி ஆகியவற்றின் பெறுமானங்களையும் ஒவ்வொன்றிலும் செலவாகும் வலுவையும் காண்க.
3. 100 வாற்று 1 வாற்றாகக் குறைக்கப்பட்டால் குறைவு எத்தனை டெசிபல்?
4. மாணவர் ஒருவர் அயலவருக்குத் தொந்தரவாகும் என்று ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வு அம்பிளிபயரை முழு அளவில் இயக்குகிறார். விளைவை விளக்குக.

விடைகள்

1. 20 வோல்ற்று, 2.5 அம்பியர்.
2. தொடராக 4 ஓம் (25 வாற்று), சமாந்தரமாக 8 ஓம் (12.5 வாற்று). ஒலிபெருக்கிக்கு 12.5 வாற்று.
3. 100 இன் மடக்கை 2. ஆகவே 20 டெசிபல்.
4. 'சக்தி வெளியேற வழியின்மை', 'முதற்சுருளில் உயர் மின்னியக்க விசை தூண்டப்படல்', 'காவற்கட்டுப் பழுதடைதல்' ஆகிய மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும். 'அம்பிளிபயர் எரிந்துவிடும்' என்று மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான்.