பேசும் கையுறை

"கணனிப் போட்டியா? அதெல்லாம் நம்ம பிள்ளைக்கு எங்க வரும்?" என்கிறோம். இதைப் படிப்போம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003இல் தொடங்கிய மாணவர் போட்டி 'இமேஜின் கப்'. 2012இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்த இறுதிச் சுற்றில், மென்பொருள் வடிவமைப்பில் உக்ரேன் மாணவர்கள் முதலிடம் பெற்றனர். அவர்கள் செய்தது ஒரு சோடிக் கையுறை. வாய் பேச முடியாதவர் அதை மாட்டிச் சைகை காட்டினால், கையுறையிலுள்ள உணரிகள் விரலசைவை அறியும். கையடக்கத் தொலைபேசி அதைப் பேச்சாக்கும்.

பாடம் என்ன? அவர்களது வேலை பிறர் கஷ்டத்தைப் பார்த்ததில் தொடங்கியது. கஷ்டம் என்னவென்று நம்ம லயத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே அது தெரியும். அதைத் தீர்க்கக் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும். ஆகவே பெற்றோரே, படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். இன்றிரவு பிள்ளையிடம் கேட்போம்: "நம்ம தோட்டத்துல எந்தக் கஷ்டத்த நீ தீர்ப்ப?"