வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து செல்வோருக்கு

முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கலுக்குச் செல்வோரிற் பலர் திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் வந்திறங்கி, சனநெருக்கத்தினூடே ஒருவாறு தரிசனம் செய்து, இரவோடிரவாகத் திரும்பிவிடுகின்றனர். அவர்களுடைய பக்தியை நாம் குறைகூறோம். ஆயினும் இவ்வுற்சவத்தின் பாதிப் பகுதி அயலிலுள்ள முள்ளியவளை என்னும் பழங்கிராமத்தில் நடந்தேறுவதாகையால், அதனை முழுமையாகக் காண விரும்புவோர் ஞாயிறன்றே அங்கு போய்ச்சேர்தல் வேண்டும்.

முதலிலே தினத்தை நிச்சயித்துக்கொள்க. பொங்கல் வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமையில் நிகழும். அதற்கு முன்னரே பாக்குத்தெண்டல் என்னும் சடங்கு நிறைவேறி, முந்திய திங்களன்று சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தமும் எடுக்கப்பட்டுவிடும். அத்தீர்த்தத்தை முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொணர்ந்து, எண்ணெய் வார்க்கும் இடத்தில் அக்கடல்நீரையே வார்த்து ஏற்றிய விளக்கு பொங்கல்வரை அங்கே எரியும். அவகாசமுள்ளவர் தீர்த்தமெடுக்கும் நாளிலும் ஒருமுறை வந்துபோவது உத்தமம்.

ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியிலே கிழக்கே திரும்பி, தான்தோன்றீஸ்வரர் கோயில்கொண்ட ஒட்டுசுட்டானைக் கடந்து, முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றில் இறங்குக. ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடுவிலேதான் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 இல் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றான் என்பதைப் பிள்ளைகளுடன் செல்வோர் வழியிலேயே சொல்லிவைக்கலாம்.

அடுத்தது வழிகாட்டி. அச்சிட்ட பிரசுரங்களைவிட, அவ்வூரிலே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரே இக்காரியத்துக்கு ஏற்றவர். தெரிந்தவர் மூலமாக முன்கூட்டியே சொல்லிவைத்து, “ஐயா, வெயில் ஏறமுன் வெளிக்கிடுவமோ?” என்று அவருடைய சௌகரியத்தைக் கேட்டுக்கொள்க. ஊற்றங்கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் காட்டா விநாயகர் ஆலயத்துக்கு நடக்கையில், நந்திக்கடலோரம் ஆடு மேய்த்த சிறுவர்களிடம் கண்ணகி மூதாட்டியாக வந்ததும், விளக்குக்கு எண்ணெயில்லாது அவர்கள் திகைக்கக் கடல்நீரை வார்க்கச் சொன்னதும், தலையிலே பேன் பார்க்கப் புகுந்தவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டதும் ஆகிய கதையை அவர் வாயாற் கேளுங்கள். கேள்விகளையெல்லாம் ஒழுங்கையிலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டு, சந்நிதியில் மௌனமாயிருத்தல் நன்று. விளக்கின் முன்னே கைத்தொலைபேசியை நீட்டுவது பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார். முகத்தைச் சுளிப்பார், அது போதும்.

ஞாயிறிரவு காட்டா விநாயகர் சந்நிதியில் பொங்கல் நிறைவேறியபின் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குப் புறப்படும். அவற்றின் பின்னே நடப்பவர் வேட்டியோ சேலையோ உடுத்து, தோளிலே ஒரு துவாயும் கையிலே தண்ணீர்ப் போத்தலும் மாத்திரம் கொண்டு, வீதியின் ஓரமாகச் செல்லக்கடவர். வெறுங்காலுடன் நடக்க நேர்ந்திருப்பவர் விடியுமுன்னரே தூரத்தைக் கடந்துவிட வேண்டும். வைகாசி வெயிலிலே தார் வீதி காலைச் சுட்டுவிடும். பகலிலே தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கும். மோரைக் குடித்தபின் குவளையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுக.

ஆலயத்தருகே நந்திக்கடற் களப்பைப் பார்த்து நிற்கையில், அதன் மறுகரையிலுள்ளது முள்ளிவாய்க்கால் என்பதை ஞாபகத்திற் கொள்க. பக்கத்தில் நிற்பவரிடம் 2009 ஆம் ஆண்டுப் போரைப் பற்றி நீங்களாக வினவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டிருங்கள்.

திங்களிரவு காவடியும் பாற்செம்புமாகச் சனம் பெருகுமாதலால், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துவந்தவர் மாலைக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். மற்றையோர் விடியும்வரை வெளிவீதியிலே பாய் விரித்திருந்து, செவ்வாய் காலை நெரிசல் தணிந்தபின் முல்லைத்தீவு சென்று பஸ் ஏறுவது சுகம்.