ஒடிந்த போல்ட்: லாரிப் பட்டறை வைத்தியம் காருக்கு ஆகுமா?

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு போல்ட் ஒடிந்தால் யோசனைக்குப் பஞ்சமே இராது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள், வீட்டுக்கு வீடு ஒரு டிரைவரோ கிளீனரோ. பேளுக்குறிச்சியில் வீட்டு வாசலில் பழைய மாருதி 800 என்ஜினை இறக்கி வைத்து ரிங் மாற்றுகிறவர் கையில் போல்ட் 'டக்'கென்று போனால், சனிக்கிழமைச் சந்தைக்கு மிளகு வாங்க வந்தவர்கூட நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். சொல்கிறவர்கள் அனுபவசாலிகள்தான். ஆனால் அந்த அனுபவத்தில் பெரும்பகுதி வார்ப்பிரும்பில் வந்தது. லாரிக்கு ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. பழைய அம்பாசடருக்கும் அப்படியே. மாருதி 800-க்கும் இன்றைய கார்களுக்கும் ஹெட் அலுமினியம். இரும்பு தாங்கும் வைத்தியத்தை எல்லாம் அலுமினியம் தாங்காது.

"துளை போட்டு ஈஸி-அவுட் விட்டுத் திருகுங்க, வந்துரும்"

எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். அதிக ஹெட்டுகளைப் பாழாக்கியதும் இதுதான் என்பேன்.

ஒடிந்தது இறுக்கும்போதா, கழற்றும்போதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. இறுக்கும்போது ஒடிந்திருந்தால், தலை போன உடனே இழுவிசையும் போய்விடும். உள்ளே இருக்கும் துண்டை எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. கூர்மையான சின்ன உளியை ஓரத்தில் வைத்து, கழலும் திசையில் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் சுழன்று வந்துவிடும். ஈஸி-அவுட் என்ற திருகுக் கருவிக்கே வேலை இல்லை.

கழற்றும்போது ஒடிந்தது என்றால் மரை முழுக்கத் துரு பிடித்து இறுகியிருக்கிறது. முழு கனமுள்ள போல்ட்டே அந்தப் பிடியிடம் தோற்றுத்தான் ஒடிந்தது. அதற்குள் துளை போட்டு, அதைவிட மெலிந்த ஒரு கருவியைச் செருகித் திருகினால் என்ன ஆகும்? கருவியும் ஒடியும். ஈஸி-அவுட் கடினப்படுத்திய எஃகு என்பதால் வீட்டு டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைக் குடையும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் கோவையின் டூல் பட்டறைகளில் உண்டு. ஹெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இறுகிய துண்டுக்கு நம்பகமான வழி வெல்டிங். துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக இரண்டையும் சேர்த்து வெல்ட் வைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்து எடுப்பது. இரும்பு வெல்ட் அலுமினியத்தில் ஒட்டாது என்பது இங்கே நமக்குச் சாதகம். வெல்டிங்கின் வெப்பமே துருப்பிடியை உடைத்துவிடும். முதல் நட்டு பிய்ந்து வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், இன்னொன்றை வையுங்கள். என்ஜின் வண்டியிலேயே இருந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் லைனும் பிரேக் கிளீனர் டப்பாவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

துளைதான் போட வேண்டும் என்றாலும் சரி. துண்டின் முகத்தை ராவிச் சமமாக்கி, நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, மெல்லிய பிட்டில் தொடங்குங்கள். இடதுபக்கம் சுற்றி வெட்டும் டிரில் பிட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். துளைபோடும்போதே துண்டு கடைபட்டுக் கழன்று வந்துவிடுவது உண்டு. எண்ணெய்த் துவாரங்களைத் துணியால் அடைக்க மறக்காதீர்கள். உள்ளே விழுந்த இரும்புத்தூள் பேரிங்கைத் தின்றுவிடும்.

"நல்லா செவக்கச் செவக்கக் காய்ச்சுங்க"

வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினியம் சிவக்காது, நிறம் மாறாமலே இருந்து திடீரென்று தொய்ந்து உருகும். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், ஹெட்டுக்கான கலவைகள் அதற்கும் முன்பே. அத்தனை சூடு தேவையும் இல்லை. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். போல்ட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறித் துள்ளும் அளவுக்குச் சூடாக்கினாலே மரை தளரும். அந்தச் சூட்டில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும்.

"டபிள்யூடி-40 அடிச்சா உடனே கழலும்"

1953-இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக, இறுகியதை உடனே கழற்ற அல்ல. மண்ணெண்ணெயோ டீசலோ எதுவானாலும் மரை இடுக்கில் ஊறி இறங்க நேரம் வேண்டும். மாலையில் விட்டு, இடையிடையே சுத்தியால் லேசாகத் தட்டி, காலையில் ஸ்பேனரை எடுங்கள். போல்ட் ஒடிவதற்கு முன்பே இதைச் செய்பவர்தான் கெட்டிக்காரர்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போய்வரும் வண்டி என்றால் எக்ஸாஸ்ட் ஸ்டட்டில் கூடுதல் கவனம் வேண்டும். கீழ் கியரில் காய்ந்து, இறக்கத்தில் குளிர்ந்து, அவை மாறி மாறி வெந்திருக்கும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரை ஊற்றிய வண்டியில் தெர்மோஸ்டாட் பக்கத்துப் போல்ட்டுகள்தான் முதலில் கெடும். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையைக் கவ்விக்கொள்ளும்.

"மரை போச்சுன்னா ஹெட்டே போச்சு"

இல்லை. ஹெலிகாயில் என்ற ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை, அதற்குரிய டேப்பால் புது மரை வெட்டி உள்ளே ஏற்றிவிடலாம். அலுமினியத்தில் அந்த மரை பழையதைவிடப் பலமாகவே நிற்கும். விமான என்ஜின்களில் புதிதாகச் செய்யும்போதே இதைப் போடுகிறார்கள். எம்-சீலை வைத்து மரை கட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

"பைப்பு போட்டு ஒரு முறுக்கு, அப்பத்தான் ஆயில் கசியாது"

10 நம்பர் ஸ்பேனர் போடும் எம்6 போல்ட்டுக்குச் சாதாரணமாகப் போதுமான முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் பைப் மாட்டினால் முனையில் 2 கிலோ அளவுக்கு இழுத்தாலே அது வந்துவிடும். மற்றதெல்லாம் போல்ட்டை நீட்டி மெலியவைக்கும் வேலை. டார்க் ரெஞ்ச் வாங்கக் கை வராதவர் இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும்.

இறுக்கும் முன் மரையில் விடும் எண்ணெயும் தாராளம் வேண்டாம். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கினால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழி இருக்காது. பிளாக்கில் விரிசல் விழலாம்.

"கம்பெனி போல்ட், அதையே திரும்பப் போடுங்க"

பல புதிய என்ஜின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை நீண்டு இறுகுவதற்காகவே செய்தது. நீண்டது திரும்பச் சுருங்காது. இரண்டாம் முறை இறுக்கும்போது அங்கேயே ஒடியலாம். உங்கள் என்ஜினுக்கு எப்படி என்பதை சர்வீஸ் மேனுவல் சொல்லும். தலையில் 8.8 என்ற வலிமை எண் இருந்த இடத்தில் 12.9 போட்டால் இன்னும் நல்லது என்ற நினைப்பும் தப்பு. கூடுதல் முறுக்கில் போல்ட் ஒடியாமல் அலுமினிய மரை உரிந்து வரும்.

கடைக்குப் போகும்போது ஒடிந்த துண்டுகளைக் கையோடு கொண்டுபோய் நீளம், தலை எண், மரை மூன்றையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். எம்10 போல்ட்டிலேயே 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. மாற்றிப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஒழுங்காக ஏறிவிட்டுத்தான் மரையைக் கெடுக்கும்.